தலைவர் குளிக்கும் நேரம்

தண்ணீர் மேலேயிருந்து கீழேதான் வரும் என்று ஒலி முகம்மது நம்பிவந்தார். அறுபது வயது தாண்டியும் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும்படி எதுவும் அவர் வாழ்க்கையில் நடக்கவில்லை. மெலோர் கோர்ட் நிர்வாகக் கவுன்சில் மட்டும் அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுத்தது என்றும் சொல்லிவிட முடியாது. பரிசீலனையில் வைத்திருந்தது.

மெலோர் கோர்ட் என்பது தேக்காவில், செராங்கூன் ரோட்டுக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் நிற்கும் பழைய சின்னக் காண்டோ அடுக்குமாடி. நீச்சல் குளம் கிடையாது, காவலாளி கிடையாது, ஆனால் கவுன்சில் உண்டு. தரைத்தளத்தில் நிர்வாக அலுவலகம். அதற்கு நேர் மேலே ஒலி முகம்மதுவின் வீடு. அதற்கும் நேர் மேலே திரு. சுந்தரம் அவர்களின் வீடு. சுந்தரம்தான் கவுன்சில் தலைவர். இந்த மூன்றையும் கட்டிய வரிசையில் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

ஒலி முகம்மது சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெலோர் கோர்ட் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அவரும் மனைவி மைமூனும் சாங்கிப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார்கள். மகள் முனீரா தீவின் அந்தக் கோடியில், உட்லண்ட்ஸில். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். மாப்பிள்ளைக்கு எல்லைக்கு அப்பால் ஜொகூரில் வேலை. விடிவதற்கு முன்பே காஸ்வே பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார். அதனால் மைமூன் தினமும் காலையில் பஸ் ஏறி, ரயில் மாறி, மறுபடி பஸ் ஏறி உட்லண்ட்ஸ் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் அதே வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

இந்த நிலையில்தான் முனீராவின் எதிர்வீடு விற்பனைக்கு வந்தது. கதவைத் திறந்தால் கதவு. அந்த வீட்டுச் சீனப் பெரியவருக்கு மைமூனை லிஃப்டில் பார்த்துப் பழக்கம். இந்த மாதம் முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன், அதற்குமேல் தன் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். மெலோர் கோர்ட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். வாங்குவதற்கு ஓர் இளம் தம்பதியும் கிடைத்துவிட்டார்கள். அவர்கள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை: படுக்கையறைச் சீலிங்கில் இருக்கும் ஈரம் சரியாகி, காய்ந்து, பெயிண்ட் அடித்து இருக்க வேண்டும்.

விற்கிற வீட்டைப் பழுது பார்ப்பதில் ஒலி முகம்மதுவுக்கு ஒரு குறையும் இல்லை. சமையலறைக் குழாயை மாற்றினார். கீச்சிட்ட கதவுக்குப் புதுக் கீல் போட்டார். ஜன்னல் கொக்கி, ஏர்கான், டாய்லெட் டைல்ஸ் எல்லாம் மளமளவென்று முடிந்தன. சீலிங்கிடம் வந்தபோதுதான் பெயிண்டர் தூரிகையைக் கீழே வைத்தார். பிய்த்துப் போட்ட பரோட்டா மாதிரி விளிம்பெல்லாம் பொருபொருவென்று ஒரு கறை. அதன் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அடியில் ஒரு பச்சை வாளி.

"மேல ரிப்பேர் பண்ணாம கீழ நான் அடிச்சா வேஸ்ட் லா பாய். மேல் வீட்டு பாத்ரூம் பைப்பா இருக்கும். முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் பெயிண்டர்.

வாளியை வைத்தவன் வாடகைக்கு இருந்த சக்தி. தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் என்ஜினியராக இருந்தான். ஊரிலிருந்து மனைவி வரப்போகிறாள் என்பதால் ஈசூனில் வேறு வீடு பார்த்து, பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். "காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ ஊத்துது பாய். நானும் வாளிய ரெண்டு தடவ கொட்டிடுவேன். பழகிடுச்சு" என்றான்.

ஒலி முகம்மது ஒரு மாடி ஏறி சுந்தரத்தின் கதவைத் தட்டினார்.

சுந்தரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழர்களிடம் தமிழில்தான் பேசுவது என்பது அவர் கொள்கை. ஆனால் அவருக்கு வருவது மேடைத் தமிழ் மட்டும்தான். மனைவி மகனோடு வெளிநாட்டில், பெர்த்தில் இருந்ததால் வீட்டில் அவர் தனியாள். ஆகவே அந்தத் தமிழைக் கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"வருக, ஜனாப் ஒலி முகம்மது அவர்களே" என்று கதவைத் திறந்தார். தலை ஈரமாக இருந்தது, அப்போதுதான் குளித்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கைகூப்பினார். "தாங்கள் என்னை மேல்வீட்டுக்காரனாகக் கருதி வந்திருக்கிறீர்கள். ஆனால் நான் தலைவர். தலைவரிடம் நேரடியாக முறையிடுவது நடைமுறைக்கு மாறானது. தலைவர் என்று கருதி வந்தாலோ, நான் மேல்வீட்டுக்காரன். என் வீட்டைப் பற்றி நானே விசாரிப்பது நலன் முரண்பாடு. எப்படிப் பார்த்தாலும் நாம் இருவரும் இப்போது பேசிக்கொண்டிருப்பதே தவறு."

"பேச வேணாங்க. ஒரு ப்ளம்பரக் கூட்டிட்டு வந்து பைப்ப மட்டும் பாத்துட்டு..."

"அலுவலகம் வழியாக வாருங்கள். தங்கள் குறை எந்நேரமும் என் செவிகளை எட்டும்" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீழே அலுவலகத்தில் எஸ்டேட் மேனேஜர் அருண்ராஜ் இருந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். கழுத்தில் அடையாள அட்டை, சுவரில் 'சிறந்த பராமரிப்பு' விருதுகள் ஒரு வரிசை. விருது கொடுத்ததும் மெலோர் கோர்ட் கவுன்சில்தான்.

"லீக்னு சொல்லாதீங்க அங்கிள், ப்ளீஸ்" என்றான் முதலில். "லீக்னு சொன்னா எஸ்டேட்ல லீக் இருக்குன்னு ஆயிடும். நாங்க அத ஈரம் பற்றிய கருத்துன்னு சொல்லுவோம்."

"சரி தம்பி. என் கருத்து சொட்டிக்கிட்டே இருக்கு. அத நிப்பாட்டணும்."

"கேன் லா, பண்ணலாம். நோ ப்ராப்ளம். ஆனா கவுன்சில் நேர்ல வந்து சொட்டுறத பாத்தாதான் அது ஈரம். அதுவரைக்கும் உங்க கருத்து மட்டும்தான்."

சக்தி கைபேசியில் வீடியோ எடுத்து வைத்திருந்தான். அருண்ராஜ் அதை முழுக்கப் பார்த்தான். சொட்டுகள் தெளிவாகத் தெரிகின்றன என்று பாராட்டினான். ஆனால் அவை எங்கிருந்து வேண்டுமானாலும் வந்த சொட்டுகளாக இருக்கலாம் என்றும் சொன்னான்.

சனிக்கிழமை காலையில் கவுன்சில் நேரில் வந்தது. கவுன்சில் என்றால் மொத்தம் மூன்று பேர்: தலைவர் சுந்தரம், கணக்கைப் பார்க்கும் ஒரு சீன ஆண்ட்டி, பேசாமலே இருக்கும் ஒரு மலாய்க்காரர். மூன்று பேரும் இருந்தால்தான் அது கவுன்சில். ஒருவர் குறைந்தாலும் அக்கம்பக்கத்தார்தான். செருப்பைக் கழற்றி, அருண்ராஜ் கொடுத்த பிளாஸ்டிக் உறைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, மூவரும் படுக்கையறைக்கு வந்து சீலிங்கை அண்ணாந்து பார்த்தார்கள். நலன் முரண்பாடு கருதி சுந்தரம் மட்டும் வாசல்படிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்.

சொட்டு விழவில்லை.

சக்தி எல்லோருக்கும் பால் கலந்து தே போட்டுக் கொடுத்தான். குடித்துவிட்டு மறுபடி அண்ணாந்து பார்த்தார்கள். சீன ஆண்ட்டிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மலாய்க்காரர் முதல்முறையாக வாய் திறந்து, ஒரு பிஸ்கட் கிடைக்குமா என்று கேட்டார். அருண்ராஜ் 'உலர்வு' என்று குறித்துக்கொண்டான். எல்லோரும் நன்றி சொல்லிப் போய்விட்டார்கள்.

சுந்தரம் மாடி ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலே ஷவர் திறக்கும் சத்தம் கேட்டது. அதன்பின் பச்சை வாளியில் டொக் டொக்கென்று சொட்டு விழ ஆரம்பித்தது. சக்தி ஓடிப்போய் அருண்ராஜைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் வாளிக்குள் எட்டிப்பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டான். "சோ பாவம் லா அங்கிள். இது ஒரு அரை மணி நேரம் முன்னால வந்திருக்கக் கூடாதா?"

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அன்று மைமூனும் வந்திருந்தாள். கவுன்சில் அண்ணாந்து பார்த்து, தே குடித்து, உலர்வு என்று எழுதிவிட்டுப் போகும்வரை அவள் சுந்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனபிறகு கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தத் தலைவர் மேல தனியாத்தானே இருக்காரு?"

"ஆமா."

"அவரு இங்க வந்து வாசல்ல நின்னா, மேல யாரு குளிப்பா?"

ஒலி முகம்மது கையிலிருந்த தே கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு விறுவிறுவென்று கீழே போய் இதை அருண்ராஜிடம் சொன்னார். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் கெட்டிக்காரன், சிக்கல் எங்கே இருக்கிறது என்பது உடனே புரிந்துவிட்டது.

"அங்கிள், சொட்டு விழணும்னா சேர்மன் குளிக்கணும். அதை கவுன்சில் பாக்கணும்னா சேர்மன் இங்க இருக்கணும். சேர்மன் குளிச்சா கவுன்சில் இல்ல. கவுன்சில் இருந்தா சேர்மன் குளிக்க முடியாது." அவன் குரலில் ஒருவகையான மரியாதையே இருந்தது. "வெரி டிஃபிகல்ட் கேஸ்."

"வேற யாராவது போய் அவர் பாத்ரூம்ல ஷவரத் திறந்து விட்டா?"

"அது தனி நபர் வீடு. உள்ள போகணும்னா கவுன்சில் அனுமதி வேணும். சேர்மன் வீட்டப் பத்தின அனுமதில சேர்மன் ஓட்டுப் போட முடியாது. அவர் இல்லாம மிச்சம் ரெண்டு பேரு கவுன்சிலே கிடையாது."

"துணைத் தலைவர்?"

"அந்தப் போஸ்ட் காலி. அடுத்த வருஷப் பொதுக்கூட்டத்துலதான் எலெக்‌ஷன்."

 சாங்கியில் ஒலி முகம்மது யானைக் குட்டியைக்கூட விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஒரு மனிதரைக் குளிக்கவைப்பது இவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத் தெரியாது.

ஆனாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைவர் குளிப்பது பற்றிய கூட்டம் என்று அறிவிக்க முடியாது என்பதால், ஈரம் பற்றிய பொது உரையாடல் என்று அறிவித்தார்கள். சுந்தரம் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, எழுந்து நின்று பேசினார்.

"அன்பிற்குரியவர்களே! என் குளியலைப் பற்றிச் சில ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன. வெளிப்படைத்தன்மையே எங்கள் உயிர்மூச்சு. எனவே மறைக்காமல் கூறுகிறேன். நான் காலையும் இரவும் குளிக்கிறேன். வெந்நீரில் குளிக்கிறேன். என் குளியலறையில் தரை எப்போதும் சற்று நீர் தேங்கியே இருக்கிறது. மூலையில் ஒரு விரிசலும் உண்டு. அதை நான் பல்லாண்டுகளாக அறிவேன். ஆனால் அறிந்தும் நான் ஒருபோதும் என் பதவியைப் பயன்படுத்தி அதைப் பழுதுபார்த்துக்கொண்டதில்லை. அந்த நேர்மையை எண்ணிப் பாருங்கள்!"

சீன ஆண்ட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கைதட்டினார். ஒலி முகம்மதுவும் தட்டினார். எதற்குத் தட்டினோம் என்று பிறகு யோசித்துப் பார்த்து, தன்மேலேயே எரிச்சல் பட்டார்.

கூட்டத்தில் ஒரு நல்ல முடிவும் எடுக்கப்பட்டது. மேல்வீட்டுக் குளியலறையில் சாயத் தண்ணீரை ஊற்றுவது. அந்தச் சாயம் கீழே சீலிங்கில் தெரிந்தால் ஈரத்தை ஒப்புக்கொள்வது. சாயத்தைத் தலைவரே ஊற்றிவிட்டுக் கீழே வந்து நின்றுகொள்ளலாம்; குளிக்கத் தேவையில்லை. எந்தக் கட்டடத்திலும் இப்படிச் செய்வதுண்டு. ஒலி முகம்மதுவுக்கு உயிர் வந்தது. சிவப்பா நீலமா என்று மட்டும் கேட்டார்.

"ஏதாவது கலர் போட முடியாது அங்கிள்" என்றான் அருண்ராஜ். "எஸ்டேட் சுவருக்கும் சீலிங்குக்கும் கவுன்சில் அப்ரூவ் பண்ண கலர் ஒண்ணுதான். கிரீம். சாயம் சீலிங்குல பட்டுச்சுன்னா அதுவும் சீலிங் கலர்தானே?"

அப்படியே கிரீம் நிறச் சாயம் ஊற்றினார்கள். அது கிரீம் நிறச் சீலிங்கில் வந்ததா வரவில்லையா என்று மூவரும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. எந்த நிற மாற்றமும் இல்லை என்று அருண்ராஜ் எழுதிக்கொண்டான். வாளியில் பாலாடை மாதிரி ஏதோ மிதந்ததைச் சக்தி காட்டினான். ஆய்வு சீலிங்கைப் பற்றியது, வாளியைப் பற்றியதல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

மாதம் முடிந்துகொண்டிருந்தது. வீட்டை விற்றுக்கொடுக்கும் ஏஜண்டு உமாமகேஸ்வரி தினம் போன் செய்தாள். "அங்கிள், வாங்குற பையர் இன்னும் வெயிட் பண்றாங்க. ஆனா வேற இடமும் பாக்குறாங்க. நீங்களே காசு போட்டு மேல ஒரு ஷீட் அடிச்சு, பெயிண்ட் பண்ணிட்டா என்ன?"

"கேட்டேன்மா. சீலிங் ஆய்வுல இருக்காம். அதத் தொட்டா சாட்சியக் கலைக்கிறதாம்." உண்மையிலேயே அருண்ராஜ் ஒரு நாள் வந்து, சீலிங்கைத் தொடக்கூடாது என்று கறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். இரண்டாம் நாள் ஈரத்தில் அந்த ஸ்டிக்கர் உரிந்து வாளிக்குள் விழுந்தது.

அன்று சாயங்காலம் மைமூன் உட்லண்ட்ஸிலிருந்து திரும்பி வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் சோபாவில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுப் பெரியவரின் பிள்ளைகள் வேறு ஆட்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினார்களாம். வந்தவர்கள் அளவெடுத்துக்கொண்டு போனார்களாம்.

"முனீரா அழுதாளா?" என்று கேட்டார்.

"அவ அழல. நான்தான் அழுதேன், லிஃப்டுல" என்றாள் மைமூன். "எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாங்க. பிள்ளைங்க அழுதா கதவத் திறந்து போற தூரம் வேணும். அவ்வளவுதான்."

ஒலி முகம்மது அவள் கைப்பையை வாங்கி மேசைமேல் வைத்தார். மனைவி வாய்விட்டு எதையும் கேட்கிறவள் இல்லை. கேட்ட ஒன்றையும் ஒரு மனிதரின் குளியல் தடுத்துக்கொண்டிருக்கிறதே என்று நினைக்கையில் அவருக்குச் சுந்தரத்தின்மேல் வந்த கோபம், வாழ்க்கையில் எவர்மேலும் வந்ததில்லை. அஸ்தஃபிருல்லாஹ் என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முகம் கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் மெலோர் கோர்ட்டுக்குப் போனபோது, சக்தி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். கடைசிப் பெட்டி வாசலில் இருந்தது. அருண்ராஜ் கையில் டார்ச்சோடு படுக்கையறையில் நின்றுகொண்டிருந்தான். வீடு காலியாகிறது என்பதால் சும்மா ஒரு பார்வையிடல். அவன் பார்வை சீலிங்கில் இல்லை. வாளியில் இருந்தது.

"அங்கிள், திஸ் ஒன் சீரியஸ்" என்றான். அவன் முகமே மாறியிருந்தது. "வாளில தண்ணி தேங்கி இருக்கு."

"அதான் தம்பி நான் இத்தன நாளா..."

"தேங்கின தண்ணில கொசு வரும். டெங்கி! எஸ்டேட்டுக்கே ஆபத்து. இத உடனே எடுக்கணும்."

"இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சுன்னு பாக்கமாட்டீங்களா?"

"எங்கேயிருந்து வந்துச்சுன்னு இன்னும் முடிவாகல. ஆனா இருக்குறது உங்க வாளில. அதனால இது உங்க தண்ணி."

சக்திக்குப் பொறுக்கவில்லை. "சார், வாளிய எடுத்துட்டா தண்ணி தரையில விழும். நான் வேற போறேன். கொட்டுறதுக்கு ஆள் கிடையாது. மூணு நாள் லீவு வேற வருது."

"தரையில விழுந்தா ஓடிடும். தேங்காது. ஓடுற தண்ணில கொசு வராது" என்று அருண்ராஜ் பொறுமையாக விளக்கினான். "ரூல் வாளிக்குத்தான்."

ஒலி முகம்மது சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். சிக்னல் இல்லாத இடத்தில் ரோடு கடக்காதவர். அவர் வாளியைத் தூக்கிக் கொட்டி, கவிழ்த்து, சக்தியிடம் கொடுத்தார். புது வீட்டில் துணி ஊறவைக்க ஆகும் என்று சக்தி அதை வாங்கிக்கொண்டான். வீட்டைப் பூட்டி மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். அருண்ராஜ் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போனான்.

அந்த விடுமுறைக்குப் பெர்த்திலிருந்து சுந்தரத்தின் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். இந்த ஊர்ப் புழுக்கத்துக்குப் பழகாத பிள்ளைகள். வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் குளித்தார்கள்.

விடுமுறை முடிந்த காலையில் ஒலி முகம்மதுவின் கைபேசி அலறியது. மறுமுனையில் அருண்ராஜ். பையன் அழுகிற நிலையில் இருந்தான்.

"அங்கிள்! லீக்! லீக் அங்கிள்! எங்க ஆபிஸ் சீலிங் கீழ விழுந்துருச்சு! கம்ப்யூட்டர் போச்சு, அவார்ட் எல்லாம் போச்சு! உங்க வீட்டுலேருந்துதான் லீக்!"

லீக்கை லீக் என்று அவன் ஒப்புக்கொண்டு கேட்பது அதுவே முதல்முறை. ஒலி முகம்மது அதை நின்று நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

அவர் டாக்சி பிடித்துத் தேக்கா போய்ச் சேருவதற்குள் உலகமே மாறியிருந்தது. அலுவலக வாசலில் கான்ட்ராக்டர் வேன் ஒன்று நின்றது. பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருந்தது. ஏணி, தோண்டும் மெஷின், ஈரத்தைக் கண்டுபிடிக்கும் கேமரா எல்லாம் இறங்கின. அலுவலகத்துக்குள் பிளாஸ்டர் துண்டுகளும் விருதுகளும் ஒன்றாக மிதந்தன. சுந்தரம் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு நாற்காலியின்மேல் நின்றிருந்தார்.

"ஜனாப் ஒலி முகம்மது அவர்களே!" என்று நாற்காலியின்மேலிருந்தே கர்ஜித்தார். "கீழே இருப்பவர்மீது நீரைச் சொட்டவிடுவது எத்தகைய கொடுமை என்பதைச் சற்றேனும் எண்ணிப்பார்த்தீர்களா? ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் தலைமேல் ஈரம் சொட்ட அமர்ந்திருந்தால் தெரியும் அந்த வேதனை! மேல்வீட்டில் இருப்பவனுக்கு மனசாட்சி வேண்டாமா?"

"வேணுங்க" என்றார் ஒலி முகம்மது. மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

"உடனடியாகச் சரிசெய்யுங்கள். காரணம் எங்கிருந்தாலும் விடாதீர்கள்!" என்று கான்ட்ராக்டருக்கு ஆணையிட்டார் தலைவர்.

"சார், இதுக்குக் கவுன்சில் கூட்டம்?" என்று ஒலி முகம்மது மெல்லக் கேட்டார்.

"எமர்ஜென்சி அங்கிள்" என்றான் அருண்ராஜ், கீபோர்டைத் துண்டால் துடைத்தபடி. "மேல் வீட்டாலே கீழ ஆபிஸ்க்கு ஆபத்துன்னா கூட்டமே வேண்டாம். நேரா உள்ள போய் உடைக்கலாம். எங்க ரூல் ரொம்ப ஸ்ட்ராங்."

கான்ட்ராக்டர் ஒலி முகம்மதுவின் தரையைப் பார்த்தார். தண்ணீர் சீலிங்கிலிருந்து வருகிறது என்றார். யாரும் மறுக்கவில்லை. சீலிங்கை உடைத்து, கேமராவை உள்ளே விட்டு, மேலே போக வேண்டும் என்றார். மெஷினோடு மேலே போனார்கள். சுந்தரத்தின் பேரப்பிள்ளை ஒன்று சோப்பு நுரையோடு வெளியே துரத்தப்பட்டது. குளியலறைத் தரையைப் பெயர்த்தால், அடியில் பழைய பைப் ஒன்று வாய் பிளந்து கிடந்தது. அதைச் சுற்றி, கிரீம் நிறத்தில் சாயம் படிந்திருந்தது.

இரண்டு நாளில் பைப் மாறியது, தரை மாறியது. ஒலி முகம்மதுவின் சீலிங் புதுசாகப் பூசப்பட்டு, காற்றாடி வைத்துக் காயவைக்கப்பட்டு, கவுன்சில் அங்கீகரித்த கிரீம் நிறத்தில் மின்னியது. உமாமகேஸ்வரி வாங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் அண்ணாந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். மாதம் முடிவதற்குள் கையெழுத்து ஆனது.

ஒரு பாக்கி இருந்தது. கவுன்சில் அலுவலகத்துக்கு ஈரம் உண்டாக்கியதற்காக அவர் கூட்டத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மைமூனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்? அவரு தண்ணிக்கு?"

"கேட்டுட்டுப் போறேன் மைமூன். நான் புகார் குடுத்தவனா இருந்தவரைக்கும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. குற்றவாளி ஆனதுக்கப்புறம்தான் என் வீடு ரிப்பேரே ஆச்சு. அதுக்கு ஒரு நன்றி சொல்ல வேணாமா?"

சொன்னபடியே அவர் கூட்டத்தில் எழுந்து நின்று, தன் வீட்டின் வழியாகப் போன தண்ணீருக்காக வருத்தம் தெரிவித்தார். சுந்தரம் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். புகார் வந்து ஒரு மணி நேரத்துக்குள் கவுன்சில் நடவடிக்கை எடுத்ததைச் சுட்டிக்காட்டி, விரைவான சேவைக்காக ஒரு புது விருது அறிவித்தார். பழைய விருதுகள் நனைந்துபோயிருந்ததால் சுவரில் இடமும் இருந்தது. மலாய்க்காரர் ஒலி முகம்மதுவின் கையைப் பிடித்துக் குலுக்கி, யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

உட்லண்ட்ஸ் வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று மைமூன் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைத் திறந்தாள். எதிர்க்கதவும் திறந்தது. இரட்டையரில் ஒன்று முனீராவின் கையை உதறிவிட்டு, தவழ்ந்து நடையைக் கடந்து, புது வீட்டுக்குள் வந்து பாட்டியின் காலைக் கட்டிக்கொண்டது. மைமூன் உட்கார்ந்து அதை வாரியெடுத்துக்கொண்டு அழுதாள். ஒலி முகம்மதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

பிறகு பழக்கதோஷத்தில் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, லேசாக ஒரு மஞ்சள் நிறம்.

முனீரா அதைப் பார்த்துவிட்டாள். "வாப்பா, மேல் வீட்டுல யாரு இருக்காங்கன்னு நான் விசாரிக்கட்டுமா?"

"மேல யாரு இருந்தா நமக்கென்னம்மா" என்றார் ஒலி முகம்மது. "கீழ யாரு இருக்காங்கன்னு கேட்டு வை."